வீட்டு பில்ஸ்னர்: அறிகுறியிலிருந்து பிழைக்கு

பீர் வாளியில் ஈஸ்டைத் தூவி மூடிவைத்து இரண்டு நாளாகிறது. மூடியில் உள்ள ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத சிறு நீரடைப்பு) ஒரு குமிழிகூட இல்லை. இந்த இடத்தில்தான் பலர் மூடியைத் திறந்து கரண்டியால் கலக்குகிறார்கள். இன்னொரு பொட்டலம் ஈஸ்டைக் கொட்டுகிறார்கள். வாளியைத் தூக்கி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். மறுநாள் காலையில் நுரை பொங்கியிருக்கும். கலக்கியதால்தான் வேலை நடந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அந்த ஈஸ்ட் முந்தைய நாளே வேலையைத் தொடங்கியிருக்கும். மூடியின் ரப்பர் வளையம் சரியாகப் பதியாததால் வாயு ஏர்லாக்கை விட்டுவிட்டு வேறு வழியாக வெளியேறிக்கொண்டிருந்திருக்கும்.

மெல்பர்னில் என் கார் கொட்டகையில் ஒன்பது குளிர்காலங்களாகப் பில்ஸ்னர் என்னும் வெளிர்நிற பீரைப் போட்டுவருகிறேன். கெடுத்த வாளிகளும் உண்டு. இப்போது திரும்பிப் பார்த்தால் அவற்றில் பாதியை நான் அவசரப்பட்டுக் கெடுத்திருக்கிறேன். ஆகவே இந்த வழிமுறை முழுவதற்கும் ஒரே விதி: முதலில் அளந்து பாருங்கள், பிறகு கைவையுங்கள்.

நான் மனத்தில் வைத்து எழுதுவது ஆஸ்திரேலியக் கடைகளில் கிடைக்கும் சாதாரண கிட்டை: ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்த மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறு 1.7 கிலோ டப்பா ஒன்று, அதனுடன் ஒரு கிலோ டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை அல்லது உலர் மால்ட், தண்ணீர் சேர்த்து மொத்தம் 23 லிட்டர். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. தமிழ்நாட்டில் உரிமமின்றி மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அங்கே இருப்பவர்கள் இதை அறிவுக்காக மட்டும் படிக்க வேண்டும்.

மற்ற பீர் வகைகளை வைத்துப் பழகியவர்கள் பில்ஸ்னரில் தடுக்கி விழுவதற்குக் காரணம் உண்டு. கறுப்பு ஸ்டவுட்டில் வறுத்த மால்ட்டின் கசப்பு நூறு குறைகளை மூடிவிடும். பில்ஸ்னருக்கு அந்தப் போர்வை கிடையாது. வெளிர்நிற மால்ட், மென்மையான நீர், கொஞ்சம் ஹாப்ஸ், குளிரில் மெதுவாக வேலை செய்யும் ஈஸ்ட் ஆகியவற்றைத் தாண்டி அதில் எதுவும் இல்லை. இந்த வகை பிறந்ததே ஒரு கெட்டுப்போன பீரால்தான். பொஹீமியாவின் பில்சன் நகரத்தார் 1838இல், குடிக்க லாயக்கில்லாத 36 பீப்பாய் பீரை நகர மன்றத்தின் முன்னால் கொட்டினார்கள். பிறகு தாங்களே ஒரு மதுவடிப்பகம் கட்டி, பவேரியாவிலிருந்து ஜோசப் குரோல் என்பவரை வரவழைத்தார்கள். அவர் 1842 அக்டோபரில் வடித்ததுதான் முதல் பில்ஸ்னர்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவை), வெப்பமானி, ஒரு நோட்டுப் புத்தகம். நீரின் அடர்த்தி 1.000 என்றால், மேலே சொன்ன கிட்டில் தொடக்க அடர்த்தி 1.040ஐ ஒட்டி இருக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அது இறங்கும். டெக்ஸ்ட்ரோஸ் போட்டிருந்தால் 1.006 முதல் 1.010 வரையில் முடியும். முழுக்க மால்ட் என்றால் 1.010 முதல் 1.013 வரை. இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் ஏறக்குறைய வந்துவிடும்.

தொடக்க அடர்த்தி எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, அல்லது மிக அதிகம்

டப்பாவையும் சர்க்கரையையும் முழுதாகப் போட்டு, நீரின் அளவு 23 லிட்டர் கோட்டில் நின்றால் கணக்கு தவற வழியே இல்லை. பிழை மாதிரியில்தான் இருக்கும்: கெட்டியான மால்ட் அடியில் தங்க, மேலே ஊற்றிய குளிர்நீர் மேலேயே நிற்கிறது. வாளியின் அடிக்குழாய்வழி எடுத்த மாதிரி அதிகம் காட்டும், மேலிருந்து எடுத்தது குறைவாகக் காட்டும். ஈஸ்ட் போடுவதற்கு முன்பென்றால் நன்றாக அடித்துக் கலக்கி மறுபடி அளக்கவும். போட்ட பிறகென்றால் விட்டுவிடவும். நொதித்தலே அதைக் கலந்துவிடும். மாதிரி சூடாக இருந்தாலும் எண் தவறும். 20 டிகிரிக்கு அளவுபடுத்திய கருவி 30 டிகிரி திரவத்தில் இரண்டு மூன்று புள்ளி (ஒரு புள்ளி என்பது 0.001) குறைத்துக் காட்டும்.

48 மணி நேரமாகியும் குமிழி இல்லை

ஏர்லாக்கை மறந்துவிட்டு வாளியின் பக்கவாட்டில் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். திரவத்துக்கு மேலே பழுப்பு அழுக்கு வளையமோ மெல்லிய நுரைப்படலமோ தெரிந்தால் நொதித்தல் நடக்கிறது. தெரியாவிட்டால் மாதிரி எடுத்து அடர்த்தி பாருங்கள். இரண்டு புள்ளி இறங்கியிருந்தாலும் போதும், கவலை தீர்ந்தது.

உண்மையிலேயே எதுவும் நடக்கவில்லை என்றால் வெப்பநிலையைப் பாருங்கள். 12 டிகிரியில் லாகர் ஈஸ்ட் (பில்ஸ்னருக்கு உரிய, குளிரில் நொதிக்கும் வகை) கண் விழிக்க இரண்டு நாள் எடுத்துக்கொள்வது இயல்பு. குளிர்காலத்தில் இட்லி மாவு மறுநாளும் பொங்காமல் கிடப்பதைப் பார்த்திருப்போம், அதே கதைதான். 10 டிகிரிக்குக் கீழே போயிருந்தால் 14 வரை ஏற்றி இன்னொரு நாள் பொறுங்கள்.

வெப்பநிலை சரியாக இருந்தும் மூன்று நாள் கடந்து அடர்த்தி அசையவில்லை என்றால் ஈஸ்ட் செத்திருக்கிறது. கரைசல் சூடாக இருக்கும்போதே தூவியிருக்கலாம், அல்லது பொட்டலம் கோடைகாலக் கிடங்கில் வெந்திருக்கலாம். புது ஈஸ்ட் போடுங்கள். இங்கே தாமதம் நல்லதல்ல. ஆல்கஹால் இல்லாத இனிப்புக் கரைசல் எல்லாக் கிருமிக்கும் விருந்து.

இந்த இடத்தில் ஈஸ்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனெனில் கீழே வரும் பாதிப் பிழைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. டப்பாவின் மூடிக்குக் கீழே வரும் பொட்டலம் பெரும்பாலும் 5 முதல் 7 கிராம்தான். அட்டையில் லாகர் என்றோ பில்ஸ்னர் என்றோ அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது ஏல் ஈஸ்டாக, அதாவது அறைச் சூட்டில் நொதிக்கும் வேறு வகையாக, இருக்கக்கூடும். கட்டுப்பாடு இல்லாத அறை வெப்பத்திலும் யார் கையிலும் தோற்காமல் நொதிக்க வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் அப்படிச் செய்கிறார்கள். அது ஏமாற்று அல்ல, ஆனால் அதிலிருந்து பில்ஸ்னர் வராது. கையேட்டில் நொதிக்கும் வெப்பநிலை 18 முதல் 27 டிகிரி என்று எழுதியிருந்தால் அது ஏல் ஈஸ்ட் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான் செய்வது இதுதான். டப்பாவுடன் வந்த பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு, டபிள்யூ 34/70 வகை உலர் லாகர் ஈஸ்ட் 11.5 கிராம் பொட்டலம் இரண்டு வாங்குகிறேன். பவேரியாவின் வைன்ஸ்டெஃபானிலிருந்து வந்த இந்த வகையை உலகம் முழுவதும் லாகர் மதுவடிப்பகங்கள் பயன்படுத்துகின்றன. மன்னிக்கும் குணம் அதற்கு உண்டு. 23 லிட்டருக்கு ஒரு பொட்டலம் போதாது. குளிரில் ஈஸ்ட் மெதுவாகப் பெருகும். ஆகவே தொடக்கத்திலேயே ஆட்பலம் இரட்டிப்பாக இருக்க வேண்டும். இரண்டாவது பொட்டலத்தின் விலையை மிச்சப்படுத்தப் பார்த்து மூன்று வாரம் காத்திருந்து கந்தக வாடையும் வெண்ணெய் வாடையும் சேர்ந்த பீரை நான் குடித்திருக்கிறேன்.

அடர்த்தி 1.020இல் நின்றுவிட்டது

முதல் சந்தேகம் கருவிமீது. மாதிரியில் உள்ள வாயுக் குமிழிகள் ஹைட்ரோமீட்டரின் உடலில் ஒட்டி அதை மேலே தூக்கும். இரண்டு கோப்பைகளுக்கு இடையே மாற்றி மாற்றி ஆற்றி, சுழற்றிவிட்டு அளக்கவும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளிவிலகலை வைத்து அடர்த்தி காட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த திரவத்தில் அது நேரடியாகக் காட்டும் எண் பொய். திருத்தக் கணக்குப் போடாமல் நம்பக்கூடாது.

அடுத்து நீங்கள் என்ன சேர்த்தீர்கள் என்று நோட்டைப் பாருங்கள். பீருக்கு உடல் கொடுக்கும் கலவைகளில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கும், ஈஸ்ட் அதைத் தின்னாது. 23 லிட்டரில் 250 கிராம் இருந்தால் நான்கு புள்ளி அளவுக்கு இறுதி அடர்த்தியைத் தூக்கும். அப்படியானால் 1.014இல் நிற்பது நின்றுபோனது அல்ல, முடிந்தது.

ஐயம் தீராவிட்டால் ஒரு நல்ல சோதனை உண்டு. சுத்தமான புட்டியில் 200 மில்லிலிட்டர் மாதிரி எடுத்து, அதில் ஒரு தேக்கரண்டி புதிய உலர் ஈஸ்டைப் போட்டு, 25 டிகிரி உள்ள இடத்தில் அவ்வப்போது குலுக்கியபடி இரண்டு நாள் வையுங்கள். அந்தப் புட்டி எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உங்கள் வாளி போய்ச் சேர வேண்டிய இடம். புட்டியும் வாளியும் ஒரே எண்ணில் நின்றால் நொதித்தல் முடிந்துவிட்டது. புட்டி 1.009க்கு இறங்கி, வாளி 1.020இல் நின்றால் ஈஸ்ட் சோர்ந்திருக்கிறது.

சோர்ந்த ஈஸ்டுக்கு முதல் மருந்து சூடு. 18 டிகிரிக்கு ஏற்றுங்கள். மூடியைத் திறக்காமல் வாளியைப் பிடித்து மெதுவாகச் சுழற்றி, அடியில் படிந்ததை எழுப்புங்கள். பெரும்பாலும் நான்கைந்து நாளில் இறங்கத் தொடங்கும். இறங்கவில்லை என்றால் மட்டும் புது ஈஸ்ட். அதையும் உலர்ந்தபடி தூவாமல், கொதித்து ஆறிய சிறிது மால்ட் கரைசலில் உயிர்ப்பித்து, நுரைத்துக்கொண்டிருக்கும்போது ஊற்றுங்கள்.

எது எப்படியானாலும் இந்த நிலையில் பாட்டிலில் அடைக்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே வெடிக்கும் பாட்டில் பகுதியில் சொல்கிறேன்.

அழுகிய முட்டை வாடை

இது பிழையல்ல. லாகர் ஈஸ்ட் வேலை செய்யும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாவது வழக்கம். கொட்டகைக் கதவைத் திறந்தால் முகத்தில் அறைகிற அளவுக்குக்கூட இருக்கும். என் வீட்டில் முதல் தடவை எல்லோரும் கழிவுநீர்க் குழாய் உடைந்துவிட்டது என்றே நம்பினோம். வெளியேறும் கரியமில வாயு அதைச் சுமந்துகொண்டு போய்விடும், மிச்சம் குளிர்ப்பதத்தில் (நொதித்த பின் 0 முதல் 2 டிகிரியில்) தங்கும் வாரங்களில் மறையும். இந்த வாடைக்காக ஒரு வாளியையும் கொட்டாதீர்கள். பாட்டிலில் அடைத்து இரண்டு மாதம் ஆன பிறகும் இருந்தால்தான் ஈஸ்ட் போதவில்லை, நொதித்தல் நலிந்திருந்தது என்று பொருள்.

வெண்ணெய் வாடை, நாக்கில் வழவழப்பு

டயசெட்டில். எல்லா ஈஸ்டும் நொதிக்கும்போது இதன் மூலப்பொருளை வெளியே விடும். கடைசியில், சர்க்கரை தீர்ந்த பிறகு, அதே ஈஸ்ட் திரும்ப உறிஞ்சிச் சுத்தம் செய்யும். குளிரில் இந்தக் கடைசி வேலை மிக மெதுவாக நடக்கும். அடர்த்தி இறங்கிவிட்டது என்று மகிழ்ந்து உடனே பீரைக் குளிர்ப்பதத்துக்குக் கொண்டுபோனால் வெண்ணெய் உள்ளேயே தங்கிவிடும். துப்புரவு முடிவதற்குள் வேலையாட்களைத் தூங்க அனுப்பியதற்குச் சமம்.

வராமல் தடுப்பது எளிது. அடர்த்தி 1.015 அளவுக்கு இறங்கியதும் வெப்பநிலையை 16 முதல் 18 டிகிரிக்கு உயர்த்தி மூன்று நாளாவது வையுங்கள். இந்தக் கட்டத்தில் சூடு பழ வாசனையைக் கொண்டுவராது. அந்த வாசனைகள் உண்டாகும் காலம் தொடக்கத்தின் முதல் சில நாட்கள். பயப்படாமல் ஏற்றலாம்.

முடிந்ததா என்று மூக்கை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது, ஏனெனில் மூலப்பொருளுக்கு வாடையில்லை. பாட்டிலில் போய்த்தான் அது வெண்ணெயாக மாறும். ஆகவே இப்படிச் சோதியுங்கள். மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் கொஞ்சம் பீர் எடுங்கள். ஒன்றை 60 முதல் 65 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வையுங்கள், மற்றொன்றை அப்படியே விடுங்கள். சூடாக்கியதைப் பழைய குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து இரண்டையும் முகருங்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை என்றால் குளிர்விக்கலாம். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் தெரிந்தால் இன்னும் சில நாள் 18 டிகிரி. இந்தச் சோதனையைக் கற்றுக்கொண்ட பிறகு என் கொட்டகையில் வெண்ணெய் பீர் வரவில்லை. வேறெதையும் மறந்தாலும் இதை மட்டும் நீங்கள் மறக்கக்கூடாது என்று விரும்புகிறேன்.

ஏற்கெனவே பாட்டிலில் அடைத்துவிட்டீர்களா? பாட்டில்களை 20 டிகிரி அறையில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். உள்ளே இருக்கும் ஈஸ்ட் கொஞ்சம் சுத்தம் செய்யும். மாறாக, வாரத்துக்கு வாரம் வெண்ணெய் கூடிக்கொண்டே போய் அதனுடன் புளிப்பும் சேர்ந்தால் அது கிருமி. கொட்டுவதைத் தவிர வழியில்லை.

பச்சை ஆப்பிள் வாசனை

அசிட்டால்டிஹைடு, பீர் இன்னும் இளையது. ஈஸ்டின் மேல் இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும். தானாகப் போகும்.

வாழைப்பழம், பேரிக்காய், தொண்டையில் எரிகிற ஆல்கஹால்

சூட்டில் நொதித்திருக்கிறது. அறை 20 டிகிரி என்று வெப்பமானி சொன்னாலும், வேகமாக நொதிக்கும் வாளியின் உட்புறம் அதைவிட இரண்டு மூன்று டிகிரி அதிகமாக இருக்கும். அறையை அளக்காமல் வாளியின் மேல் தோலில் உணரியை ஒட்டி அளக்கவும். முடிந்த பீரிலிருந்து இந்த வாசனையை நீக்க முடியாது. காத்திருந்தால் கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான்.

அடுத்த முறைக்கு இரண்டு வழிகள். ஒன்று, காலம் பார்த்துப் போடுவது. மெல்பர்னில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என் கொட்டகை 10 முதல் 13 டிகிரிக்குள் தானாகவே நிற்கிறது. ஜனவரியில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது ஈரத் துணியையும் பனிக்கட்டிப் பாட்டில்களையும் வைத்து மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு மத்தியானம் தவறினால் போதும், எல்லாம் போயிற்று. மற்றொன்று, பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வாங்கி வெளியே ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை இணைப்பது. இந்தத் தொழிலில் நான் செலவிட்ட பணத்தில் அதுதான் முழுதாகத் திரும்பி வந்தது. ஈஸ்ட் போடும் நேரத்திலேயே கரைசல் 15 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். சூட்டில் தொடங்கி மெதுவாகக் குளிரட்டும் என்று விடுவது பழவாசனையை அழைத்து வருவது போல.

மருந்துப் பிளாஸ்டர் வாடை

குழாய்நீரிலுள்ள குளோரின் மால்ட்டிலுள்ள பீனால்களுடன் சேர்ந்து குளோரோபீனால் ஆகிறது. மிகச் சிறிய அளவிலேயே நாக்குக்குத் தெரியும், போகாது. குளோரினைக் கொதிக்கவைத்தோ ஒரு நாள் திறந்து வைத்தோ போக்கலாம். குளோராமின் (எளிதில் ஆவியாகாத குளோரின் சேர்மம்) சேர்க்கும் ஊர்களில் அந்த வித்தை பலிக்காது. அங்கே 23 லிட்டருக்கு அரை கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கினால் சில நிமிடங்களில் வேலை முடியும். அது சல்ஃபைட், ஆஸ்துமா உள்ளவர்கள் பொடியை முகர வேண்டாம். பிளீச் ஊற்றிக் கழுவிய வாளியைச் சரியாக அலசாமல் விட்டாலும் இதே வாடை வரும். நான் பிளீச்சைத் தொடுவதே இல்லை. வாசனை சேர்க்காத சோடியம் பெர்கார்பனேட்டால் கழுவி, அலச வேண்டாத பாஸ்பாரிக் அமிலக் கிருமிநாசினியால் முடிக்கிறேன்.

நீரைப் பற்றி ஒரு நல்ல செய்தி. பில்சன் நகரத்தின் நீர் மிக மென்மையானது. அந்த பீரின் மெருகுக்கு அதுவும் ஒரு காரணம். மெல்பர்னின் குழாய்நீரும் யாரா மலைக்காடுகளின் நீர்ப்பிடிப்பிலிருந்து வருவதால் மென்மையானது. குளோரினை மட்டும் நீக்கினால் போதும். கடின நீர் உள்ள ஊரில் இருப்பவர்கள் வடிகட்டிய நீரைப் பாதி கலந்து பார்க்கலாம். மால்ட் சாறு கிட்டில் இதன் வித்தியாசம் சிறியதுதான்.

புளிப்பு, மேலே வெண்மையான தோல்

கிருமி. ஈஸ்டின் நுரை மெத்தென்று பழுப்பாக இருக்கும். கிருமியின் படலம் தூசி படிந்த மெழுகுத்தாள் போலச் சுருங்கிப் பரவும். இந்தப் பீரை மீட்க முடியாது.

எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். என் அனுபவத்தில் முதல் குற்றவாளி வாளியின் குழாய். அதைத் திருகிக் கழற்றி, சுழலும் உட்பகுதியையும் பிரித்தெடுத்துப் பாருங்கள். பழைய பீர் பசை போல ஒட்டியிருக்கும். இரண்டாவது, உரசிக் கீறிய பிளாஸ்டிக். இரும்பு நார் பட்ட வாளியை மாற்றிவிடுங்கள். மூன்றாவது காரணம் நம் வீடுகளுக்கே உரியது. தோசை மாவையும் தயிரையும் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாக் குடும்பம்தான் பீரையும் புளிக்கவைக்கிறது. மாவு அரைத்த அன்று அதே மேடையில் பாட்டில் நிரப்பக்கூடாது. மாவு கரைத்த கரண்டி பீர் வாளிக்கு வரவே கூடாது. எங்கள் வீட்டில் பீருக்கென்று தனிக் கரண்டி, தனிக் குழாய், தனித் துணி. இரண்டும் ஒரே வீட்டில் நன்றாக வாழ்கின்றன, ஒன்றையொன்று சந்திக்காதவரை.

சைடர் போன்ற காடித்தன்மை, நிறம் எதிர்பார்த்ததைவிடச் சிவப்பு

இரண்டும் சேர்ந்து வந்தால் டப்பா பழையது. மால்ட் சாறு டப்பாவுக்குள்ளேயே மெதுவாகக் கறுத்துச் சுவை மாறும், சூடான கிடங்கில் இன்னும் வேகமாக. கறுப்புப் பீரில் தெரியாத இந்தப் பழஞ்சுவை பில்ஸ்னரில் உடனே தெரியும். தள்ளுபடி விலையில் குவித்து வைத்திருக்கும் டப்பாவின் தேதியைப் படிக்காமல் வாங்காதீர்கள். சாதாரண சர்க்கரைக்குப் பதில் வெளிர்நிற உலர் மால்ட் சேர்த்தால் மெலிந்த காடித்தன்மை குறையும். எவ்வளவு கவனித்தாலும் சாறு கிட்டில் பொன்வைக்கோல் நிறம் கிடைப்பது அரிது. பொன்னிறத்துக்கும் வெளிர் செம்புக்கும் இடையே வந்தால் மனநிறைவோடு இருங்கள்.

கசப்பும் மணமும் போதவில்லை

செக் பில்ஸ்னரின் அழகு ஸாட்ஸ் ஹாப்ஸின் மணத்தில் இருக்கிறது. டப்பாவுக்குள் ஹாப்ஸின் கசப்பு நிலைக்கும், மணம் நிலைக்காது. அடுத்த முறை இரண்டு லிட்டர் நீரில் 200 கிராம் உலர் மால்ட்டைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, 25 கிராம் ஸாட்ஸ் போட்டுப் பத்து நிமிடம் கொதித்த பின் வடிகட்டி வாளியில் சேருங்கள். கசப்பும் வேண்டுமென்றால் இன்னொரு 25 கிராமை முதலிலேயே போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். கிட்டிலிருந்து பில்ஸ்னருக்குப் போகும் பாதையில் லாகர் ஈஸ்டுக்கு அடுத்த பெரிய படி இதுதான்.

தெளியவில்லை

கண்ணாடிக் குவளையில் ஊற்றி அறைச் சூட்டில் வையுங்கள். சூடேறச் சூடேறத் தெளிந்தால் அது குளிர்க்கலங்கல்; புரதமும் பாலிபீனாலும் குளிரில் ஒட்டிக்கொள்கின்றன. சுவைக்குக் கேடில்லை. தெளியாவிட்டால் மிதக்கும் ஈஸ்ட். இரண்டுக்கும் மருந்து குளிரும் காலமும்: 0 முதல் 2 டிகிரியில் மூன்று நான்கு வாரம். ஜெலட்டின் போட்டால் இரண்டு நாளில் தெளியும் என்று கடையில் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து வருவது, ஐசிங்கிளாஸ் மீனின் காற்றுப்பையிலிருந்து. சைவ உணவுக்காரர்களுக்கு ஊற்றிக் கொடுப்பவர்கள் இதை மறைக்கக்கூடாது. நான் காலத்தையே நம்புகிறேன்.

பாட்டிலில் வாயு இல்லை

பெரும்பாலும் பாட்டில்கள் குளிரில் இருக்கின்றன. நிரப்பிய பின் 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம் இருந்தால்தான் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயு உண்டாக்கும். மூடியைச் சுற்றி ஈரக் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பல மாதம் குளிர்ப்பதத்தில் தங்கி ஈஸ்ட் எல்லாம் படிந்துவிட்ட பீர் என்றால், நிரப்பும் நாளில் வாளிக்குக் கால் பொட்டலம் புது ஈஸ்டைச் சேர்க்க வேண்டும்.

பீறிட்டு அடிக்கிறது, அல்லது ஒரு பாட்டில் வெடித்தது

ஒன்று வெடித்தால் மற்றவையும் வெடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை அணிந்து, பெட்டியின்மேல் கனமான துண்டைப் போர்த்தி, முடிந்தால் அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். குளிர்ந்த பீரில் வாயு கரைந்து அழுத்தம் குறையும். ஒரு நாள் கழித்து, துண்டால் சுற்றியபடி, மூடியை மெதுவாக நெம்பி வாயுவை விடுங்கள்.

காரணங்கள் மூன்று. நொதித்தல் முடியுமுன் அடைத்தது முதலாவது. கணக்கைப் பாருங்கள்: ஒரு லிட்டரில் நான்கு கிராம் சர்க்கரை ஏறக்குறைய ஒரு பங்கு வாயு (பீரின் கன அளவுக்குச் சமமான வாயு) தரும். மீதமிருக்கும் ஒவ்வோர் அடர்த்திப் புள்ளியும் சுமார் அரைப் பங்கு. பில்ஸ்னருக்கு நாம் விரும்புவது மொத்தம் இரண்டரைப் பங்கு. 1.009க்குப் போக வேண்டிய பீரை 1.014இல் அடைத்தால் அதன்மேல் இன்னும் இரண்டரைப் பங்கு சேரும். சாதாரண பீர் பாட்டில் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து ஒரே எண் வந்தால் மட்டும் நிரப்புங்கள். அந்த எண் மேலே சொன்ன புட்டிச் சோதனையின் எண்ணோடும் பொருந்த வேண்டும்.

இரண்டாவது, சர்க்கரை அளவு. 23 லிட்டருக்கு 150 கிராம் சாதாரண சர்க்கரை போதும். கொஞ்சம் நீரில் கொதிக்கவைத்து ஆற்றி மொத்தமாகக் கலப்பதே நம்பகமானது. கரண்டியால் பாட்டில் பாட்டிலாகப் போட்டால் ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். மூன்றாவது கிருமி: எல்லாப் பாட்டிலும் முதலில் நன்றாக இருந்து, மாதங்கள் போகப் போகப் பீறிடல் அதிகமாகி, பீரும் மெலிந்துகொண்டே போனால் இதுதான்.

நனைந்த அட்டையின் சுவை

நொதித்த பின் காற்றுப் பட்டிருக்கிறது. நிரப்பும்போது பீர் சலசலக்கக்கூடாது. குழாயின் முனை பாட்டிலின் அடியைத் தொட வேண்டும்.

ஊற்றியதும் முடை நாற்றம்

ஒளி பட்டிருக்கிறது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெயிலில் சிதைந்து கந்தகச் சேர்மமாகிறது. தெளிந்த கண்ணாடியிலும் பச்சைக் கண்ணாடியிலும் நேர் வெயிலில் சில நிமிடங்களே போதும். பழுப்புப் பாட்டில்தான் பாதுகாப்பு. கடையில் வாங்கிய பச்சைப் பாட்டில்களைச் சேர்த்துவைத்து நிரப்பினால் இருட்டு அலமாரியை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

நுரை நிற்கவில்லை

முதலில் குவளையைச் சந்தேகியுங்கள். உள்ளே நீரை ஊற்றிக் கவிழ்த்தால் நீர் ஒரே படலமாக வழிய வேண்டும். துளித்துளியாகத் திரண்டு ஒட்டினால் எண்ணெயோ சோப்போ படிந்திருக்கிறது. சமையல் பாத்திரங்களோடு கழுவிய குவளையில் அது உறுதி. சோடா உப்பால் தேய்த்து, வெந்நீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள். அதே பாட்டிலிலிருந்து அந்தக் குவளையிலும் கழுவாத இன்னொன்றிலும் ஊற்றிப் பாருங்கள். இரண்டிலும் நுரை அடங்கினால் மட்டும் பீரில் பிழையைத் தேட வேண்டும்: டெக்ஸ்ட்ரோஸைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தில் உலர் மால்ட்.